குண்டு துளைக்காத கார்ட் ஹவுஸ்: எந்த ‘லெவல்’ வாங்குவது?

கேள்வி இதுதான்: “சிங்கப்பூரின் துவாஸில் ஒரு ரசாயனக் கிடங்கின் பராமரிப்புப் பொறுப்பு என்னுடையது. வாசலில் இருப்பது பழைய அலுமினியக் கேபின். புதிதாக வந்த வாடிக்கையாளர் ‘குண்டு துளைக்காத கார்ட் ஹவுஸ்’ (காவலர் சாவடி) கேட்கிறார். மூன்று கோட்டேஷன் வாங்கினேன். இரண்டில் ‘லெவல் 3’ என்று இருக்கிறது, ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்றாவதில் ‘பிஆர்4’ என்று எழுதியிருக்கிறார்கள். எதை வாங்குவது? இருக்கிற பழைய கண்டெய்னருக்குள் இரும்புத் தகடு அடித்தால் போதாதா?”

விலை ஏன் இரண்டு மடங்கு என்பதைக் கீழே சொல்கிறேன். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆனால் லெவல், அதாவது எந்தக் குண்டைத் தாங்கும் என்று சொல்லும் தர எண், கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இரும்புப் பட்டறையில் வெல்டராகத் தொடங்கி, கேட், பேரியர், காவல் சாவடி பொருத்தும் வேலைகளைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துவருகிறேன். லெவலை முதலில் முடிவுசெய்து வாங்கிய சாவடிகள் பலவற்றில், கனமான கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். திறந்து கிடக்கும் கதவுக்கு எந்த லெவலும் கிடையாது.

முதலில், எதைத் தடுக்கப் போகிறீர்கள்? சிங்கப்பூரில் வாசலுக்குத் துப்பாக்கியோடு ஒருவர் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட முயன்றாலே மரண தண்டனை. உங்கள் வாசலில் நிற்கும் சாதாரணப் பாதுகாவல் அதிகாரியிடமும் துப்பாக்கி இருக்காது. துணைப் போலீஸ் நிற்கும் இடங்களில்தான் இடுப்பில் ஆயுதம் பார்க்கலாம். அந்தக் காலத்தில் வங்கி வாசலிலும் கிடங்கு வாசலிலும் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்த சீக்கிய ஜாகாக்களை (காவல்காரர்களை) நம் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்களுக்குக் கூண்டே கிடையாது. ஆளே அரண்.

இங்கே நடந்தவற்றைப் பாருங்கள். 2014 ஜனவரி 17 அன்று ஒரு மலேசியப் பெண், முன்னால் போன காரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்துவிட்டார். மூன்று நாள் கழித்து அவரைப் பிடித்தது டாங்ளினில் உள்ள வெளியுறவு அமைச்சின் வளாகத்தில். அங்கேயும் இன்னொரு காரின் பின்னால் ஒட்டியே நுழைந்திருந்தார். துப்பாக்கியும் இல்லை, கத்தியும் இல்லை. இரண்டு வாசல்களையும் தாண்ட ஒரு கார் போதுமாக இருந்தது. 2015 மே 31 அன்று ஷங்ரிலா ஹோட்டலில் பாதுகாப்பு மாநாடு நடந்தபோது, மூன்று பேர் வந்த ஒரு கார் சோதனைக்கு நிற்காமல் போலீஸ் தடுப்புகளை இடித்துக்கொண்டு ஓடியது. போலீசார் சுட்டதில் ஓட்டுநர் இறந்தார். அதிலும் ஆயுதமாக இருந்தது கார்தான். 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா பயங்கரவாத அமைப்பின் ஆட்கள் கைதானபோது வெளிவந்த திட்டமும் லாரிகளில் அமோனியம் நைட்ரேட் வெடிகுண்டு வைத்துத் தூதரகங்களைத் தாக்குவதுதான்.

ஆக, உங்கள் வாசலுக்கு வரக்கூடிய ஆபத்துகளைச் சாத்தியத்தின் வரிசையில் வைத்தால் முதலில் வருவது கோபக்கார ஓட்டுநரும் அனுமதியில்லாமல் ஒட்டி நுழைகிறவரும். அடுத்து வேகமாக மோதும் வாகனம். அதற்கும் அடுத்து கத்தி, சுத்தியல் வைத்துக் கதவைத் திறக்கப் பார்ப்பவர். கடைசியில்தான் துப்பாக்கி. ரசாயனக் கிடங்கு என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் உண்டு. அதற்குத் தனியாக வருகிறேன், ஏனென்றால் மூன்று கோட்டேஷனிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

சாவடி எங்கே நிற்கப் போகிறது என்பதை வைத்துத்தான் பாதி விஷயம் தீரும். வாகனம் நேர்க்கோட்டில் வந்து மோதும் இடத்தில் சாவடி இருந்தால், எவ்வளவு கனமான கண்ணாடி போட்டும் பயனில்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன். 7,200 கிலோ எடையுள்ள லாரி 64 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் சுமார் 1,140 கிலோஜூல். அதே லாரி 32 கி.மீ. வேகத்தில் வந்தால் அதில் கால்பங்குதான். அதனால் முதல் செலவு பாதையை வளைப்பதற்கு. கேட்டுக்கு முன்னால் ஒரு வளைவு, இரண்டு காங்கிரீட் தடுப்பு, லாரி வேகம் எடுக்க முடியாதபடி ஒரு திருப்பம். உங்கள் இடத்தில் 40 அடி டிரெய்லர் திரும்ப இடம் வேண்டுமே என்பீர்கள். உண்மைதான். டிரெய்லர் ஓட்டுநர்களையே கூப்பிட்டு, தரையில் கூம்பு வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை.

அப்புறம் சாவடியைச் சுற்றித் தடுப்புத் தூண்கள். இவற்றுக்கும் தர எண்கள் உண்டு. அமெரிக்க ஏஎஸ்டிஎம் எஃப்2656 தரத்தில் எம்30, எம்40, எம்50 என்பவை 6,800 கிலோ லாரி மணிக்கு 30, 40, 50 மைல் வேகத்தில் மோதிய சோதனையைக் குறிக்கும். பக்கத்தில் பி1 என்று இருந்தால் லாரியின் சரக்குப் பகுதி ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். சர்வதேச அளவில் ஐடபிள்யூஏ 14 என்று 2013இல் வந்தது. அதன் இடத்தில் 2023இல் ஐஎஸ்ஓ 22343 வந்துவிட்டது. பழைய ஸ்டாக்கில் பழைய எண் இருந்தால் பதற வேண்டாம், சோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஆனால் நம் கார் நிறுத்துமிடங்களில் ஏறி இறங்கும் அந்த வெள்ளைச் சிவப்புப் பேரியர் கட்டை? அது நல்ல பிள்ளைகளை நிறுத்துவதற்கு. யாரையும் தடுக்காது.

ஒட்டி நுழைவதைத் தடுக்க ஒரே நம்பகமான வழி இரட்டை கேட். முதல் கேட் மூடினால்தான் இரண்டாவது திறக்கும், நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் இடம். போக்குவரத்து மெதுவாகும், ஓட்டுநர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். இதில் ஒரு முக்கியமான விஷயம்: கேட்டைத் திறக்கும் அதிகாரம் சாவடியில் மட்டுமே இருக்கக் கூடாது. உள்ளே உள்ள கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரால் சாவடியின் பொத்தான்களைச் செயலிழக்கச் செய்ய முடியவேண்டும். இல்லாவிட்டால் காவலரின் கழுத்தில் கத்தி வைப்பவர் உங்கள் கிடங்கின் சாவியையே வாங்கிவிடுகிறார். உள்ளே இருப்பவரால் மாற்றிவிட முடியும் என்று தெரிந்தால் காவலரை மிரட்டுவதில் லாபமில்லை. என் கண்ணில் இதுதான் காவலருக்கான முதல் கவசம், இதற்கு ஒரு மில்லிமீட்டர் கண்ணாடிகூடத் தேவையில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1983 அக்டோபர் 23 அன்று பெய்ரூட்டில் அமெரிக்க மரைன் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின்மீது வெடிமருந்து லாரி மோதியது. அது முள்கம்பியை நசுக்கிக்கொண்டு, இரண்டு காவல் நிலைகளுக்கு நடுவே ஓடி உள்ளே போனது. காவலர்கள் இருந்தார்கள், பார்த்தார்கள். அவர்களுடைய துப்பாக்கிகளில் விதிப்படி குண்டு நிரப்பப்படவில்லை, லாரியை நிறுத்தும்படியான தடையும் பாதையில் இல்லை. 241 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள்.

வெடிப்பு பற்றிக் கேட்பீர்கள். வெடிமருந்து எட்டு மடங்கானால், அதே அழுத்தம் இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும். திருப்பிச் சொன்னால், தூரத்தை இரட்டிப்பது மருந்தை எட்டில் ஒன்றாகக் குறைத்ததற்குச் சமம். கட்டடத்தைக் காப்பாற்ற இது அற்புதமான கணக்கு: சோதனையைக் கட்டடத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ஆனால் சோதிக்கும் காவலருக்கு இந்தக் கணக்கு உதவாது, அவர் லாரியிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் நிற்கிறார். லாரி நிறைய மருந்து அவ்வளவு கிட்டத்தில் வெடித்தால் எந்தச் சாவடியும் அவரைக் காப்பாற்றாது. அப்படிக் காப்பாற்றும் என்று யாராவது விற்க வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். சந்தேகப்படும் வண்டியைச் சோதிக்கும் இடத்தைச் சாவடியிலிருந்து பிரித்துத் தள்ளி வைப்பதுதான் செய்யக்கூடியது.

இனி அந்தக் கோட்டேஷனில் இல்லாத விஷயம். ரசாயனக் கிடங்கில் காவலருக்கு வரக்கூடிய வெடிப்பு வெளியிலிருந்து வராமல் உள்ளிருந்தே வரலாம். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். ஆலைப் பகுதிக்கு மிகக் கிட்டத்தில் நிறுத்தியிருந்த தற்காலிகக் கேபின்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள் அவர்கள். நாம் கட்டுமானத் தளங்களில் பார்க்கும் அதே மாதிரி இலேசான கேபின்கள்தான். இதற்குப் பிறகுதான் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் 2007இல் ஏபிஐ 753 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. ஆபத்தான ஆலைகளில் இடம்மாற்றக்கூடிய கட்டடங்களை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதே அதன் பொருள். உங்கள் பாதுகாப்பு ஆய்வறிக்கையை எடுத்து, சாவடி நிற்கும் புள்ளியில் என்ன அழுத்தம் வரும், நச்சுவாயு கசிந்தால் காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று உங்கள் பாதுகாப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். வாயு கசியும் நேரத்தில் ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே இழுக்கக் கூடாது, அதை நிறுத்த ஒரு பொத்தான் வேண்டும். சாதாரண நாளில் இதற்கு நேர்மாறு: சாவடிக்கு வெளியே லாரிகள் எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கும், புகை உள்ளே வராமலிருக்க வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி லேசான அழுத்தத்தில் வைக்கவேண்டும். இரண்டையும் செய்யும் ஏற்பாடு தனியாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

சரி, இப்போது லெவலுக்கு வருவோம்.

உங்கள் இரண்டு ‘லெவல் 3’ கோட்டேஷனுக்கும் விலை ஏன் அப்படி என்று கேட்டீர்கள் அல்லவா? பெரும்பாலும் ஒருவர் யுஎல் 752 என்ற அமெரிக்கத் தரத்தின் லெவல் 3ஐச் சொல்கிறார், இன்னொருவர் என்ஐஜே என்ற அமெரிக்க நீதித்துறை ஆய்வு அமைப்பின் லெவல் 3ஐச் சொல்கிறார். யுஎல் 752இல் லெவல் 3 என்பது .44 மேக்னம் கைத்துப்பாக்கிக் குண்டு. என்ஐஜேயின் 0108.01 தரத்தில் லெவல் 3 என்பது 7.62 மி.மீ. ராணுவ ரைஃபிள் குண்டு. பெயர் ஒன்று, சமாச்சாரம் வேறு. மூன்றாவது கோட்டேஷனில் உள்ள பிஆர்4 ஐரோப்பிய ஈஎன் 1063 தரம். அதுவும் .44 மேக்னம்தான். அதாவது மலிவான ‘லெவல் 3’ம் ‘பிஆர்4’ம் ஏறக்குறைய ஒரே வகுப்பு. இதைவிட மோசமான குழப்பம் ஆறாம் எண்ணில் இருக்கிறது. பிஆர்6 என்றால் 7.62 ரைஃபிள். யுஎல் லெவல் 6 என்றால் வேகம் கூடிய 9 மி.மீ. குண்டு. எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ரைஃபிளுக்குக் காசு கொடுத்துக் கைத்துப்பாக்கிக் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவரலாம். கோட்டேஷனில் தரத்தின் பெயர், எண், எந்தக் குண்டு, எத்தனை முறை சுட்டது என்று நான்கும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

‘குண்டு துளைக்காத’ என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுதான். ஈஎன் 1063 சோதனையில் 50 செ.மீ. சதுரக் கண்ணாடியில் 12 செ.மீ. இடைவெளியுள்ள முக்கோணமாக மூன்று குண்டு சுடுவார்கள். மூன்றையும் தாங்கினால் தேர்ச்சி. நான்காவது குண்டு பற்றிச் சான்றிதழ் எதுவும் சொல்லவில்லை. அதனால் ‘தாங்கும்’ என்பதே சரியான சொல், அதுவும் இன்ன குண்டை, இத்தனை முறை. இன்னொரு எழுத்தையும் பாருங்கள்: சான்றிதழில் பிஆர்4க்குப் பக்கத்தில் எஸ் அல்லது என்எஸ் என்று இருக்கும். எஸ் என்றால் குண்டு நின்றுவிட்டது, ஆனால் உள்பக்கத்திலிருந்து கண்ணாடித் துகள் தெறித்தது. என்எஸ் என்றால் தெறிக்கவில்லை. பெரிய கூடத்தில் கண்ணாடிக்கு ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் எஸ் பரவாயில்லை. சாவடியில் மனிதரின் முகம் கண்ணாடியிலிருந்து அரை மீட்டர். குண்டு நின்று கண் போனால் என்ன லாபம்? சாவடிக்கு என்எஸ் மட்டும்தான்.

அப்புறம் கண்ணாடிக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிவிட்டு விட்டுவிடாதீர்கள். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதை இந்தத் தொழிலில் தினமும் நடக்கிறது. ஜன்னல் சட்டம், கதவு ஆகியவற்றுக்கு ஈஎன் 1522 என்று தனித் தரம் உண்டு, அதில் எஃப்பி4, எஃப்பி6 என்று வரும். கண்ணாடி தாங்கும், கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில் குண்டு புகுந்துவிடும். பேசுவதற்கான ஓட்டை, பாஸ் கொடுக்கும் டிராயர், பூட்டு, கீல், ஏர்கான் குழாய் வரும் துளை, கூரை, எல்லாமே அப்படித்தான். கூரைக்குக் கவசம் இல்லாத சாவடி பக்கத்தில் மேம்பாலமோ பல மாடிக் கட்டடமோ இருந்தால் பாதிச் சாவடி.

கவச இரும்பு பற்றி ஒரு பழைய வெல்டராகச் சொல்கிறேன். அதன் பலம் அதன் கடினத்தில் இருக்கிறது, அந்தக் கடினம் சூடு பட்டால் போய்விடும். வெல்டு கோட்டை ஒட்டிய பகுதி இளகி, மற்ற இடத்தைவிட மென்மையாகிவிடும். நல்ல பட்டறையில் ஒவ்வொரு இணைப்புக்கும் பின்னால் இன்னொரு பட்டைத் தகடு வைத்து மூடுவார்கள். பிறகு உங்கள் இடத்துக்கு வந்ததும் கேமரா காண்ட்ராக்டர் ஒருவர் வருவார், சுவரில் ஒரு பிராக்கெட்டை வெல்டு பண்ணுவார், வயருக்கு 20 மி.மீ. ஓட்டை போடுவார். முடிந்தது கதை. எல்லா வயர்களுக்கும் வழி, எல்லா பிராக்கெட்டுக்கும் போல்ட் துளை பட்டறையிலேயே விடவேண்டும். தளத்தில் ஓட்டை போடத் தடை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

எடையை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 50 மி.மீ. அடுக்குக் கண்ணாடி என்றால் 125 கிலோ. 2.4க்கு 1.8 மீட்டர் சாவடியில் நான்கு பக்கமும் இடுப்புக்கு மேல் கண்ணாடி வைத்தால் பத்துச் சதுர மீட்டர், அதாவது கண்ணாடி மட்டும் ஒன்றேகால் டன். இரும்பும் கூரையும் கதவும் சேர்த்தால் இரண்டரை டன்னைத் தாண்டும். பழைய கேபினை வைத்திருந்த தளம் இதைத் தாங்குமா? அடியில் குழாய் போகிறதா? கட்டுமானப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் கிரேன் கூப்பிடாதீர்கள். பாலிகார்பனேட் சேர்ந்த அடுக்குக் கண்ணாடி இலேசாக இருக்கும், தெறிப்பும் குறைவு. ஆனால் கீறல் விழும், அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவம் பட்டால் மங்கிப்போகும். துப்புரவு வேலை செய்யும் அக்காவிடம் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எல்லாக் கண்ணாடியையும் துடைப்பது போலத்தான் இதையும் துடைப்பார்.

இப்போது நம் வெயில். ஈஎன் 1063 சோதனை 18 டிகிரி அறைச் சூட்டில் நடக்கிறது. துவாஸில் மதியம் இரண்டு மணிக்கு நிழலிலேயே 32, 33 டிகிரி. இந்தத் தீவில் பதிவான உச்சம் 37 டிகிரி, 1983இலும் 2023இலும். தடித்த கண்ணாடி வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். நாளாவட்டத்தில் அடுக்குகளுக்கு நடுவே குமிழி விழும், ஓரங்கள் வெள்ளையாகப் பூக்கும். அதைப் பார்த்தால் அழகுக் குறை என்று விட்டுவிடாதீர்கள், அடுக்குகள் பிரிகின்றன என்று அர்த்தம். வெளிப்புறத்துக்கான வெப்பச் சோதனை யுஎல் 752இல் உண்டு, அது செய்ததா என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட மலிவான மருந்து, சாவடியின் கூரையை நான்கு பக்கமும் ஒரு மீட்டர் நீட்டுவது. கண்ணாடிக்கு நிழல், பாஸ் கொடுக்கும்போது மழை நனையாது. இடி மின்னலும் இங்கே ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள். மின்னழுத்தத் தடுப்பு போடாவிட்டால் பேரியர் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இண்டர்காமும் மாறி மாறிப் போகும்.

ஏர்கான் இந்தச் சாவடியின் உயிர். ஏன் என்று ஒரு சம்பவத்தில் சொல்கிறேன். சில வருஷம் முன்பு மேற்குப் பகுதியில் ஓர் இடத்தில் ரைஃபிள் வகுப்புச் சாவடி ஒன்றை நாங்கள்தான் பொருத்தினோம். மூன்று மாதம் கழித்துச் சர்வீஸுக்குப் போனால், அந்தக் கதவு ஒரு பெயிண்ட் டிரம்மை முட்டுக்கொடுத்துத் திறந்து நின்றது. கதவின் எடை 180 கிலோ. உள்ளே அறுபது தாண்டிய ஓர் அங்கிள். “என்னண்ணே இது?” என்றேன். “தம்பி, நாளைக்கு இருநூறு லாரி வருது. டிரைவர் உக்காந்த இடத்துலேர்ந்து உங்க டிராயர் எட்டல. ஒவ்வொருத்தரும் இறங்கி வரான், குனியறான், சத்தம் கேக்கல, திட்டறான். ஒவ்வொரு தடவையும் இந்தக் கதவைத் திறந்து மூட எனக்குத் தோள் இருக்கா? ஏர்கானும் போன வாரத்துலேர்ந்து தண்ணி ஒழுகுது.” அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நாங்கள் காரில் வருபவரை மனதில் வைத்து டிராயரை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்திருந்தோம். லாரி ஓட்டுநரின் ஜன்னல் ஏறக்குறைய இரண்டு மீட்டரில் இருக்கிறது. இத்தனை டன் இரும்பையும் தோற்கடித்தது ஒரு மீட்டர்.

அதற்குப் பிறகு நான் பழக்கிக்கொண்டது: லாரிக்கும் காருக்கும் இரண்டு உயரத்தில் இண்டர்காம், கார்டு படிக்கும் கருவி. முடிந்தால் பாஸ் மாற்றும் வேலையைச் சாவடியிலிருந்தே எடுத்துவிட்டு, முன்பதிவும் வண்டி எண் படிக்கும் கேமராவும் வைத்துவிடுவது. கதவு அடிக்கடி திறக்கவேண்டிய காரணம் எதுவும் இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து ஆயத்தமாக வரும் சாவடி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஓட்டுநர் வலப்பக்கம். சாலை நடுத்திட்டில் சாவடி வைத்தால் வரும் வண்டி, போகும் வண்டி இரண்டின் ஓட்டுநரும் சாவடிப் பக்கமே இருப்பார்கள், வசதி. ஆனால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காக வரைந்த சாவடியில் டிராயரும் கதவும் கண்ணாடியில் பார்த்தது போல மாறி இருக்கும். கதவு வரும் வண்டிக்கு நேராகத் திறக்கும்.

கழிப்பறை. இதைக் கேட்டால் கூட்டங்களில் சிரிப்பார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஒரே ஆள், கழிப்பறை 300 மீட்டர் தள்ளி என்றால், உங்கள் குண்டு தாங்கும் சாவடி தினமும் நான்கைந்து முறை ஆளில்லாமல் கிடக்கும். பூட்டிவிட்டுப் போவாரா என்பது அவருடைய அவசரத்தைப் பொறுத்தது.

இரவில் இன்னொரு பிரச்சினை. உள்ளே விளக்கு எரிந்தால் தடித்த கண்ணாடி இரட்டை இரட்டையாகப் பிரதிபலிக்கும். காவலருக்கு வெளியே தன் முகம்தான் தெரியும். வெளியிலிருப்பவருக்கோ அவர் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் மாதிரி தெரிவார். ஒருவழிக் கண்ணாடித் தாள் ஒட்டினால் பகலில் சரி, இரவில் திசை மாறிவிடும். உள்ளே மங்கலாக்கக்கூடிய விளக்கு, வெளியே சாவடியைப் பார்க்காமல் பாதையைப் பார்க்கும் பிரகாசமான விளக்கு. அவ்வளவுதான், பெரிய செலவு இல்லை.

அனுமதி விஷயம். 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குறிக்கப்பட்ட இடம் என்றால், பாதுகாப்பு ஏற்பாட்டைக் கட்டடம் வரையும்போதே சேர்த்து அனுமதி வாங்கவேண்டும். ஜூரோங் தீவு போல முழுப் பகுதியுமே 2001லிருந்து பாதுகாக்கப்பட்ட இடமாக இருப்பது வேறு கதை. உங்கள் கிடங்கு இரண்டிலும் வராமல் போகலாம். எப்படியானாலும் சாவடி ஒரு கட்டுமானம், காவலர் அவசரத்தில் உள்ளிருந்து ஒரே கையால் திறந்து வெளியேறும்படி கதவு இருக்கவேண்டும் என்பதைத் தகுதியுள்ளவரைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கண்டெய்னர் யோசனை? வேண்டாம். கண்டெய்னரின் சுவர் இரண்டு மி.மீ.கூட இல்லாத தகடு, கைத்துப்பாக்கிக் குண்டே ஊடுருவும். உள்ளே 6 மி.மீ. சாதாரண இரும்பு அடித்தால் பல கைத்துப்பாக்கிக் குண்டுகளைத் தடுக்கலாம், ரைஃபிள் துளைத்துவிடும். ஜன்னலுக்காக வெட்டிய இடத்தைச் சுற்றி என்ன ஆகும் என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள், சான்றிதழும் வராது. வாடிக்கையாளரின் ஆய்வாளர் முதல் நாளே நிராகரிப்பார்.

நானாக இருந்தால் இப்படி வாங்குவேன். ரைஃபிள் வகுப்பு விலையுள்ள அந்த ‘லெவல் 3’ஐ, வாடிக்கையாளர் எழுத்தில் ஆபத்து மதிப்பீடு காட்டினால் ஒழிய, ஒதுக்கிவிடுவேன். பிஆர்4 என்எஸ் கண்ணாடி, எஃப்பி4 சட்டமும் கதவும் கூரையும், சுத்தியல் கடப்பாரைக்கு ஈஎன் 1627இல் ஒரு நல்ல வகுப்பு. மிச்சமாகும் பணத்தில் இரட்டை கேட், தடுப்புத் தூண், நீண்ட கூரை, இரண்டு ஏர்கான். ஒன்று கெட்டால் இன்னொன்று ஓடவேண்டும், இல்லையென்றால் டிரம் வந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன் சப்ளையரின் பட்டறைக்குப் போவீர்கள் அல்லவா? இரவு ஷிப்ட் பார்க்கும் அங்கிளையும் கூட்டிப்போங்கள். கதவைப் பத்து முறை திறந்து மூடச் சொல்லுங்கள். உட்கார்ந்து டிராயரை இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் எங்கே வைப்பார் என்று கேளுங்கள். இடம் விடாவிட்டால் பாஸ் டிராயரில்தான் வைப்பார்.